'இன்'னா, 'ஆன்'னா, 'அட்'டா? பிரிபொசிஷனுக்கு எந்தப் பக்கம் பார்ப்பது

கேள்வி சுருக்கமாக இதுதான்: பதினைந்து வருடம் இங்கிலீஷ் படித்தாயிற்று, டென்ஸ் கூட ஓரளவு வசப்பட்டுவிட்டது. ஆனால் ஒரு மெயில் எழுத உட்கார்ந்தால் 'இன்', 'ஆன்', 'அட்', 'ஃபார்' இவற்றில் எதைப் போடுவது என்று கை நின்றுவிடுகிறது. இதற்கு விதி ஏதாவது உண்டா, இல்லை எல்லாம் மனப்பாடம்தானா?

விதி உண்டு, ஆனால் பாதிக்குத்தான். மீதிப் பாதியிலும் விதியைத் தேடுவதால்தான் குழப்பம்.

பள்ளிக்கூட லீவ் லெட்டரை நினைத்துப் பாருங்கள். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ் ஃபார் ஒன் டே.' ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடப் பிசகில்லாமல் எழுதும். தமிழில் நாம் 'காய்ச்சலால் அவதிப்படுகிறேன்' என்கிறோம். அந்த 'ஆல்' உருபை அப்படியே மாற்றினால் 'சஃபரிங் பை ஃபீவர்' என்றுதான் வந்திருக்க வேண்டும். யாரும் அப்படி எழுதுவதில்லை. அந்த வரியை யாரும் மொழிபெயர்த்து எழுதவில்லை என்பதுதான் காரணம். 'சஃபரிங் ஃப்ரம்' என்பது ஒரே சொல்லாக வாயில் ஏறிவிட்டது. வேறு எதில் தடுமாறினாலும் இந்த ஒரு 'ஃப்ரம்' மட்டும் நம்மிடம் தப்புவதே இல்லை.

இங்கே 'ஃப்ரம்' வேண்டும் என்று கேட்டது வலது பக்கம் உள்ள 'ஃபீவர்' இல்லை; இடது பக்கம் உள்ள 'சஃபரிங்'. நாம் பெரும்பாலும் வலது பக்கத்தை மட்டுமே பார்க்கிறோம். தமிழிலும் உருபைக் கேட்பது பல சமயம் வினைதான். ஆனால் உருபு ஒட்டிக்கொண்டிருப்பது பெயரில். 'காய்ச்சலால்', 'பஸ்ஸில்', 'நாய்க்கு' என்று பெயரோடு சேர்ந்தே கண்ணில் படுவதால் இங்கிலீஷிலும் பெயரைப் பார்த்தே முடிவு செய்யப் போகிறோம். இடம், நேரம் சொல்லும்போது அது சரி. மற்ற இடங்களில் இடது பக்கம் பார்க்க வேண்டும்.

தொடங்கும் முன் எழுத்து பற்றி ஒரு சொல். 'கப் ஆவ் டீ' என்பதில் வருவதை 'ஆவ்' என்றும், 'ஸ்விட்ச் ஆஃப்' என்பதில் வருவதை 'ஆஃப்' என்றும் இங்கே எழுதுகிறேன். இரண்டும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல், பிற்பாடு பிரிந்தவை. நம் ஊரில் இரண்டையும் 'ஆஃப்' என்றே சொல்லிவிடுகிறோம், அது உச்சரிப்புப் பிழை.

முதலில் வலது பக்கம். 'இல்' என்ற ஒரு உருபுக்கு இங்கிலீஷில் குறைந்தது மூன்று சொல் நிற்கின்றன. சூழ்ந்த வெளி என்றால் 'இன்': இன் த ரூம், இன் சென்னை, இன் த ரெயின். பரப்பும் கோடும் என்றால் 'ஆன்': ஆன் த டேபிள், ஆன் த வால், ஆன் அண்ணா சாலை. வரைபடத்தில் குத்தும் ஊசிமுனை மாதிரி ஒரு புள்ளி என்றால் 'அட்': அட் த பஸ் ஸ்டாப், அட் த கேட், அட் 25 அண்ணா சாலை. பொருள் எதுவாக இருந்தாலும், பேசுகிறவர் அதை எப்படிப் பார்க்கிறார் என்பதுதான் கணக்கு. 'அட் த பேங்க்' என்றால் பேங்க் என்பது சந்திக்கும் புள்ளி. நீங்கள் வாசலில் நின்றாலும் சரி. 'இன் த பேங்க்' என்றால் கட்டடத்துக்குள்ளே.

மரத்தை எடுத்துக்கொள்வோம். தமிழில் காகமும் மரத்தில், மாங்காயும் மரத்தில். இங்கிலீஷில் காகம் 'இன் த ட்ரீ', மாங்காய் 'ஆன் த ட்ரீ'. காகம் இலைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்திருக்கிறது, மாங்காய் மரத்தோடு ஒட்டி விளைந்திருக்கிறது. அதேபோல மூலை: அறையின் மூலை உள்ளேயிருந்து பார்ப்பது, அதனால் 'இன் த கார்னர்'. தெரு முக்கு வெளியேயிருந்து பார்ப்பது, அதனால் 'அட் த கார்னர்' அல்லது 'ஆன் த கார்னர்'. பிளாஸ்டிக் நாற்காலியில் 'ஆன்', கை வைத்த சோபா நாற்காலியில் புதைந்து உட்கார்ந்தால் 'இன்'.

வண்டிக்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: உள்ளே எழுந்து நடக்க முடிந்தால் 'ஆன்', முடியாவிட்டால் 'இன்'. பஸ், ரயில், விமானம், கப்பல் எல்லாம் 'ஆன்'. கார், ஆட்டோ, டாக்ஸி 'இன்'. மேலே ஏறி உட்காரும் பைக், சைக்கிள், குதிரை மறுபடியும் 'ஆன்'. பயண முறையை மட்டும் சொல்ல 'பை': பை பஸ், பை ட்ரெயின். இந்த 'பை'க்குப் பின்னால் 'த', 'மை' எதுவும் வராது. 'பை மை கார்' என்பது பிழை, 'இன் மை கார்' என்க. நடந்து வந்ததற்கு 'பை வாக்' கிடையாது, 'ஆன் ஃபுட்'.

நேரத்திலும் அதே மூன்று பேர்தான். மணிக்கு 'அட்', கிழமைக்கும் தேதிக்கும் 'ஆன்', மாதத்துக்கும் வருடத்துக்கும் 'இன்': அட் 5, ஆன் மன்டே, ஆன் 15 ஆகஸ்ட், இன் ஆகஸ்ட், இன் 1947. காலை, மாலைக்கு 'இன் த மார்னிங்', 'இன் த ஈவினிங்'. இரவுக்கு மட்டும் 'அட் நைட்'. ஆனால் கிழமை சேர்ந்த உடனே அதுதான் முதலாளி: 'ஆன் மன்டே மார்னிங்'. தவறு அதிகம் நடப்பது வேறு இடத்தில். லாஸ்ட், நெக்ஸ்ட், திஸ், எவ்ரி இந்த நான்கும் முன்னால் வந்தால் பிரிபொசிஷன் போடவே கூடாது. 'ஆன் நெக்ஸ்ட் மன்டே' இல்லை, 'நெக்ஸ்ட் மன்டே' மட்டும்.

வரிசையும் தலைகீழ். நாம் 'சென்னையில், அண்ணா சாலையில், 25ஆம் எண்ணில்' என்று பெரியதிலிருந்து சிறியதுக்கு வருவோம். 'திங்கட்கிழமை காலை 10 மணிக்கு' என்போம். இங்கிலீஷ் சிறியதிலிருந்து பெரியதுக்குப் போகும்: 'அட் 10 ஆன் மன்டே'. இடமும் நேரமும் சேர்ந்து வந்தால் பொதுவாக இடம் முன்னே: 'அட் த ஆபீஸ் ஆன் மன்டே'.

தமிழில் நினைப்பதுதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்று ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் சொல்வதுண்டு. முழு உண்மையில்லை. சில இடங்களில் தமிழைக் கேட்டிருந்தால் பிழையே வந்திருக்காது. 'டில் ஃப்ரைடே', 'பை ஃப்ரைடே' இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது: 'வெள்ளிக்கிழமை வரை' என்றால் டில், 'வெள்ளிக்கிழமைக்குள்' என்றால் பை. கடை இரவு 9 மணி வரை திறந்திருக்கும், அது டில். பணத்தை 9 மணிக்குள் கட்ட வேண்டும், அது பை. 'ஐ வில் சென்ட் இட் டில் ஃப்ரைடே' என்று எழுதினால் வெள்ளிக்கிழமை வரை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருப்பேன் என்று ஆகிறது.

'ஃபார்', 'சின்ஸ்' இரண்டுக்கும் தமிழே வழி சொல்லும். 'இரண்டு வாரமாக' என்று 'ஆக' வந்தால் ஃபார். 'திங்கட்கிழமையிலிருந்து' என்று 'இருந்து' வந்தால் சின்ஸ். ஆக 'சின்ஸ் டூ வீக்ஸ்' என்பதற்குத் தமிழ்மேல் பழி போட முடியாது. தமிழ் காலை வாருவது வினையில். 'பத்து வருடமாக இங்கே வேலை செய்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்று வந்துவிடுகிறது. 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' என்பதே சரி.

'பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிடுகிறேன்' என்பதற்கு நாம் 'ஆஃப்டர் டென் மினிட்ஸ்' என்போம், இந்தியாவுக்குள் புரியும். இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர் 'இன் டென் மினிட்ஸ்' என்பார். அதைக் கேட்டு 'பத்து நிமிஷத்துக்குள்' என்று நாம் எடுத்துக்கொண்டு ஐந்தாவது நிமிஷத்திலேயே போனைப் பார்த்துக்கொண்டிருப்போம். 'க்குள்' என்பதற்கு 'வித்தின்' தனியாக இருக்கிறது.

இனி இடது பக்கம். 'ஆல்' உருபு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு போனாலே விஷயம் விளங்கும். கத்தியால் வெட்டினார், கருவி என்பதால் 'வித் அ நைஃப்'. அவரால் எழுதப்பட்டது, செய்தவர் என்பதால் 'பை ஹிம்'. காய்ச்சலால் அவதி, 'ஃப்ரம்'. மழையால் மேட்ச் நின்றது, 'பிகாஸ் ஆவ் ரெயின்'. மரத்தால் செய்த மேசை, 'மேட் ஆவ் வுட்'. பாலால் செய்த பன்னீர் 'மேட் ஃப்ரம் மில்க்', ஏனென்றால் மரம் மேசையிலும் மரமாகவே தெரிகிறது, பால் பன்னீரில் பாலாகத் தெரிவதில்லை. ஒரே உருபுக்கு ஐந்து சொற்கள். அந்த ஐந்தில் எது என்பதைப் பெரும்பாலும் முன்னால் நிற்கும் சொல்தான் தீர்மானிக்கிறது.

பெயரடையோடு வருபவை இதைவிடப் பிடிவாதம். 'நாய்க்குப் பயம்' என்பதால் 'ஃபார்' வராது, 'அஃப்ரெய்ட் ஆவ்'. 'கணக்கில் கெட்டிக்காரி' என்றாலும் 'குட் இன்' இல்லை, 'குட் அட்'. 'அவன்மேல் கோபம்' என்றாலும் 'ஆங்ரி ஆன் ஹிம்' இல்லை, 'ஆங்ரி வித் ஹிம்'. 'அவரோடு கல்யாணம்' என்பதால் 'மேரீட் வித்' என்று எழுதுகிறோம். 'மேரீட் டு' என்பதே வழக்கு. இவற்றுக்குக் காரணம் தேடிப் பயனில்லை. 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்' போன்றவற்றுக்கு மட்டும் ஒரு காரணம் உண்டு: இவை லத்தீனிலிருந்து ஒப்பீட்டு வடிவமாகவே வந்தவை, அதனால் ஒப்பிடும்போது வழக்கமாக வரும் 'தேன்' வராது, 'டு'தான். 'ஹீ இஸ் சீனியர் டு மீ.' 'பிரிஃபர்' என்ற வினைக்கும் 'டு'தான்: 'ஐ பிரிஃபர் காபி டு டீ.'

எதுவுமே தேவைப்படாத வினைகள் தனிக் கூட்டம். டிஸ்கஸ், என்டர், ரீச், மேரி, ஆன்சர், கான்டாக்ட், ரிக்வெஸ்ட், ஆர்டர், லேக், எம்ஃபசைஸ், டிஸ்க்ரைப். 'அதைப் பற்றிப் பேசினோம்' என்பதால் 'டிஸ்கஸ் அபவுட்'. 'ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தேன்' என்பதால் 'ரீச் டு ஆபீஸ்'. இப்படித் தப்பாக எழுதிவிடுகிறோம். தமிழ் ஒரு காரணம், ஆனால் அதைவிடப் பெரிய காரணம் இங்கிலீஷிலேயே இருக்கிறது. இதே சொற்கள் பெயராக மாறும்போது பிரிபொசிஷனை வாங்கிக்கொள்கின்றன. 'அ டிஸ்கஷன் அபவுட்', 'அ ரிக்வெஸ்ட் ஃபார்', 'அன் ஆர்டர் ஃபார்', 'அன் ஆன்சர் டு', 'அ லேக் ஆவ்', 'எம்ஃபசிஸ் ஆன்' எல்லாமே சரி. பெயரில் கேட்ட பழக்கம் வினைக்கும் ஒட்டிக்கொள்கிறது. சோதிக்க எளிய வழி: முன்னால் 'அ', 'த', 'மை' போட முடிகிறதா? முடிந்தால் அது பெயர், பிரிபொசிஷன் வரலாம். 'மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' சரி. 'ஐ ரிக்வெஸ்டட் ஃபார் லீவ்' என்பதில் 'ஃபார்' வேண்டாம். இந்த 'ரிக்வெஸ்டட் ஃபார்' இந்திய அலுவலகங்களில் எங்கும் புழங்குகிறது, படிக்கிறவர்களும் கண்டுகொள்வதில்லை. வெளிநாட்டுக்குப் போகும் கடிதத்திலும் தேர்வுத்தாளிலும்தான் உறுத்தும்.

இன்னொரு கலவைப் பிழை 'டிஸ்பைட் ஆவ்'. 'இன் ஸ்பைட் ஆவ்' என்பதும் 'டிஸ்பைட்' என்பதும் ஒரே பொருள், இரண்டும் ஒட்டிப் பிறந்த குட்டி அது. 'கம்ப்ரைஸ் ஆவ்', 'கோப் அப் வித்' இரண்டும் அந்த ரகமே. 'கம்ப்ரைஸ்' தனியாக நிற்கும், 'கோப் வித்' என்பதற்கு நடுவில் 'அப்' கிடையாது.

'டு' விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரே முகத்தில் இரண்டு ஆட்கள். 'ஐ வான்ட் டு கோ' என்பதில் வரும் 'டு' வினையின் முன்னொட்டு. 'ஐ கோ டு சேலம்' என்பதில் வருவது பிரிபொசிஷன். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு' என்பதில் இருப்பது இரண்டாவது ஆள், ஆனால் நாம் முதல் ஆள் என்று நினைத்து 'டு மீட் யூ' என்று எழுதுகிறோம். அந்த இடத்தில் 'இட்' என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்' பொருந்துகிறது. ஆகவே பிரிபொசிஷன், பின்னால் 'மீட்டிங்' என்ற வடிவம்தான் வரும். 'ஐ வான்ட் டு இட்' பொருந்தவில்லை. ஆகவே வெறும் வினை. 'அப்ஜெக்ட் டு', 'அக்கஸ்டம்ட் டு' இரண்டும் இதே சோதனையில் 'இங்' பக்கம் விழும்.

அடுத்த பிழையைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை, ஏனென்றால் அது தப்பாகப் போட்டதில்லை, போடாமல் விட்டது. 'வீட்டில் இருக்கிறேன்' என்பதை 'நான் இருக்கும் வீடு' என்று திருப்பினால் 'இல்' காணாமல் போகிறது. தமிழில் அப்படித்தான் போக வேண்டும். 'எழுதப் பேனா', 'உட்கார நாற்காலி' எதிலும் உருபு இல்லை. அதனால் 'த ஹவுஸ் ஐ லிவ்', 'அ பென் டு ரைட்', 'அ சேர் டு சிட்' என்று எழுதிவிடுகிறோம். இங்கிலீஷில் பெயர் முன்னே ஓடினாலும் பிரிபொசிஷன் பழைய இடத்திலேயே நிற்கும்: 'த ஹவுஸ் ஐ லிவ் இன்', 'அ பென் டு ரைட் வித்', 'அ சேர் டு சிட் ஆன்'. சந்தேகம் வந்தால் வாக்கியத்தை நேராக்கிப் பாருங்கள். 'ரைட் வித் அ பென்' என்று வந்தால் திருப்பிய பிறகும் 'வித்' கடைசியில் இருக்க வேண்டும்.

வாக்கியத்தைப் பிரிபொசிஷனில் முடிக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். 1672இல் ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன், தமக்கு முந்தைய நாடகாசிரியர் பென் ஜான்சனின் எழுத்தில் இதை ஒரு குறையாகச் சுட்டினார். பள்ளி இலக்கணங்கள் பின்னால் அதைச் சட்டமாக்கிவிட்டன. பேச்சில் அது ஒருநாளும் சட்டமாக இருந்ததில்லை. 'வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்?' என்பதைத் திருப்பி 'ஃபார் வாட்' என்று தொடங்கினால் நீதிமன்றத்தில் நிற்கிற மாதிரி இருக்கும்.

கட்டியாக வருபவை மூன்றாவது ரகம். இடமும் வலமும் பார்க்காமல் முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டியவை: பை மிஸ்டேக், ஆன் பர்ப்பஸ், இன் அட்வான்ஸ், பை ஹார்ட், அட் லீஸ்ட். 'லீவில்', 'டியூட்டியில்', 'ஸ்டிரைக்கில்' மூன்றுக்கும் 'ஆன்': ஆன் லீவ், ஆன் டியூட்டி, ஆன் ஸ்டிரைக். ஆபத்தில், கடனில், காதலில், அவசரத்தில் இருப்பவருக்கு 'இன்': இன் டேஞ்சர், இன் டெட், இன் லவ், இன் அ ஹரி. லிஃப்ட் கதவில் தொங்கும் 'அண்டர் ரிப்பேர்' அட்டையும் 'அவுட் ஆவ் ஆர்டர்' அட்டையும் இதே சாதி. 'ஆன் டைம்' என்றால் சொன்ன நேரத்துக்கு; 'இன் டைம்' என்றால் காரியம் கெடுவதற்குள். ரயில் 6 மணிக்கே கிளம்பினால் ரயில் ஆன் டைம். நீங்கள் 5.58க்குப் படி ஏறிவிட்டால் நீங்கள் இன் டைம்.

பிரிட்டன், அமெரிக்கா வேறுபாடு சிலவற்றில் உண்டு. 'அட் த வீக்எண்ட்' பிரிட்டன், 'ஆன் த வீக்எண்ட்' அமெரிக்கா. 'டிஃபரன்ட் ஃப்ரம்' இரண்டு ஊரிலும் செல்லும், அதையே பழகிக்கொண்டால் போதும்.

காதால் கேட்டுக் கற்றுக்கொள்ளலாமே என்றால், அங்கேயும் ஒரு சிக்கல். பிரிபொசிஷன்கள் இங்கிலீஷில் மிகமிக அடிக்கடி வருபவை. 1961ஆம் ஆண்டு அச்சான எழுத்துகளிலிருந்து 10 லட்சம் சொற்களை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் தொகுத்து எண்ணியபோது, 'த' சுமார் 7 சதவீதம், அதற்கடுத்து 'ஆவ்' ஏறக்குறைய 3.5 சதவீதம் வந்தது. இவ்வளவு புழங்குவதாலேயே பேச்சில் தேய்ந்துபோய்விடும். 'டு' வெறும் 'ட' ஆகும், 'ஃபார்' ஒரு 'ஃப' ஆகும், 'கப் ஆவ் டீ' என்பது 'கப்பவ்டீ' அல்லது 'கப்பட்டீ' என்று ஒலிக்கும். காதில் விழாததைப் பிடிக்க முடியாது. ஆகவே படம் பார்த்தால் இங்கிலீஷ் சப்டைட்டிலைப் போட்டுப் பாருங்கள், கண் பிடிக்கட்டும்.

நோட்டில் எழுதும் முறையையும் மாற்ற வேண்டும். 'டிபென்ட் = சார்ந்திருத்தல்' என்று எழுதினால் பாதிச் சொல்தான் எழுதியிருக்கிறீர்கள். 'டிபென்ட் ஆன்', 'லிசன் டு', 'அப்ளை ஃபார் அ ஜாப்', 'பிரிவென்ட் சம்ஒன் ஃப்ரம் டூயிங்' என்று வாலோடு சேர்த்து எழுதுங்கள், கீழே சொந்த வேலையிலிருந்து ஒரு வரி. மாணவர்களுக்கான ஆங்கில அகராதிகளில் சொல்லுக்குப் பக்கத்திலேயே இந்த வால் தடித்த எழுத்தில் இருக்கும். சாதாரண ஆங்கிலம்-தமிழ் அகராதியில் இருக்காது, அதனால்தான் அதை நம்பி எழுதினால் வால் மாறிவிடுகிறது.

கடைசியாக, ஒரு மெயிலை வைத்தே பார்த்துவிடலாம். பொருள் வாங்கிய கம்பெனிக்கு எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'வீ டிஸ்கஸ்ட் அபவுட் த ஆர்டர் ஆன் லாஸ்ட் மன்டே. ஐ ஆம் ரிக்வெஸ்டிங் ஃபார் த பில் சின்ஸ் டூ வீக்ஸ். ஐ வில் சென்ட் த லிஸ்ட் டில் ஃப்ரைடே. லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ.'

முதல் வரியில் 'அபவுட்' போகட்டும், டிஸ்கஸ் தனியாக நிற்கும். 'லாஸ்ட்' இருப்பதால் 'ஆன்' போகட்டும். இரண்டாவதில் வினை என்பதால் 'ஃபார்' போகட்டும். ஆனால் 'இரண்டு வாரமாக' என்பதால் 'சின்ஸ்' இருந்த இடத்துக்கு 'ஃபார்' வரட்டும், வினை 'ஐ ஹேவ் பீன் ரிக்வெஸ்டிங்' ஆகட்டும். மூன்றாவதில் 'வெள்ளிக்கிழமைக்குள்' என்பதால் 'பை ஃப்ரைடே'. நான்காவதில் 'இட்' சோதனை போட்டால் 'டு ஹியரிங்' என்று வரும். 'ஃப்ரம் யூ' மட்டும் முதலிலேயே சரியாக இருந்தது. அது லீவ் லெட்டரில் பழகிய அதே 'ஃப்ரம்'.